கன்றுக்கு முந்திய நிழல்

நூலகத்துக்கு எதிரே நட்ட தூங்குமூஞ்சி மரக்கன்று முழங்கால் உயரம்கூட இல்லை; அதன் நிழல் மறுநாளே ஐம்பது பேர் உட்காரும் அகலத்துக்கு விழுந்தது. தப்பு கன்றின் மேல் இல்லை. கல்லூரி வளாகத்தில் எந்த மரம் எங்கே என்று படம் போடுகிறவர்கள் கன்றை வரைவதில்லை. இருபது ஆண்டில் அது எவ்வளவு விரியுமோ அதைத்தான் வரைவார்கள், கீழே நிழலையும் தீட்டுவார்கள், மரத்தின் அளவு பிடிபடட்டும் என்று பக்கத்தில் ஓர் ஆளையும் வைப்பார்கள். இந்தப் படத்தைப் போட்ட அம்மா, கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆளாகத் தன் கணவரையே வைத்துப் பழகியவர்: தொப்பை, பெஞ்சில் ஒரு காலை மடித்துப் போட்ட இருப்பு. அவர் இறந்து ஓராண்டாகியும் கை அதையேதான் வரைந்தது. ஆகவே ஆளில்லாத பெஞ்சில் தொப்பையோடு ஒரு நிழல் உட்கார்ந்திருந்தது.

மாணவர்கள் முதலில் தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு அந்த மடியில் புத்தகப் பையை வைக்கத் தொடங்கினார்கள். வேலையைப் பார்வையிடுகிற சாக்கில் அந்த அம்மா தினமும் மதியம் வந்தார். மகளின் பிரசவச் செய்தியைச் சொன்னார், குழாய் ஒழுகுவதற்குத் திட்டினார். உயிரோடு இருந்தபோது மனிதர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. அந்த அம்மா மறுபடி சரியாகச் சாப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

முதல்வருக்கு வேறு கவலை. "மேடம், ஒரு பிள்ளை கிளாஸ்ல இல்ல. எல்லாம் மரத்தடியில தூங்குதுங்க. அதைப் படத்துலேர்ந்து எடுத்துட்டு ஏதாவது குட்டைச் செடி போட்டுக் குடுங்க" என்றார். அந்த அம்மா இலையை அழித்தார், கிளையை அழித்தார், நிழலை அழித்தார். பெஞ்சுக்கு வந்ததும் கை நின்றது. "ஒரு தடவை வழியனுப்பிட்டேன்டி, இன்னொரு தடவை என்னால முடியாது" என்று மகளிடம் சொல்லி ரப்பரைக் கீழே வைத்தார்.

மறுநாள் மர நிழல் இல்லை. கணவர் மட்டும் உச்சி வெயிலில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா வந்து குடை பிடித்தார். அவர் வீட்டுக்குப் போனதும் மாணவர்கள் முறை போட்டுப் பிடித்தார்கள். வகுப்புகள் இன்னும் காலியாயின. தேர்வு நாளில் வேறு ஆள் கிடைக்காமல் முதல்வரே குடையோடு நிற்கும்படி ஆயிற்று. கை கடுத்ததோ, மனம் இளகியதோ, "பாவங்க, மனுஷனுக்கு இப்படி வேர்க்குது. மரத்தைத் திரும்பப் போட்டுடுங்க மேடம்" என்றார். கன்றை நல்லவேளையாக யாரும் பிடுங்கியிருக்கவில்லை. அந்த அம்மா மரத்தை அதே இடத்தில் வரைந்தார், பெஞ்சை மட்டும் இன்னும் ஒருவர் உட்காரும் அளவுக்கு நீட்டினார்.

கன்று வளர்ந்து, வரைந்த நிழலோடு அதன் சொந்த நிழல் விளிம்புக்கு விளிம்பு பொருந்திவிட்டது. அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். விடிந்ததும் சருகு பெருக்க வருகிற தோட்டக்காரர், பெஞ்சில் இருக்கும் இரண்டு நிழல்களிடமும் "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்கிறார். அந்த அம்மா உடனே தூக்கிவிடுகிறார். கணவருக்குத்தான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.