பின்கட்டு வாசிக்காதவன்

"தண்ணி குடு மாமா" என்று அமுதம் மறுபடியும் கேட்டாள். உலகநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விடிவதற்குள் வாந்தியும் பேதியுமாக அவளை உருக்கிப் போட்டிருந்தது. கண்கள் குழிக்குள் போய்விட்டன. குரல் தொண்டையிலிருந்து வராமல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அபிஷேகப்பாக்கத்தில் காலரா புகுந்துவிட்டதென்றும், குளத்துத் தண்ணீரை யாரும் வாயில் வைக்கக்கூடாதென்றும் பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் ஆள் தமுக்கு அடித்துவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அமுதம் நாற்று நட்ட இடத்தில் தாகம் பொறுக்காமல் வாய்க்காலில் ஒரு கை அள்ளிக் குடித்திருக்கிறாள்.

காசம்மாள் செம்பை எடுத்தாள். அவள் உலகநாதனுக்கு உடன்பிறந்த அக்கா, அமுதத்தைப் பெற்றவள். பெண்ணைத் தம்பிக்கே கட்டிக்கொடுத்துவிட்டு, புருஷன் போன பிறகு அவர்களோடேயே வந்து இருப்பவள். உலகநாதன் அவள் கையிலிருந்து செம்பை வாங்கிக் கீழே வைத்தான்.

"வேணாம்க்கா. கிருமி தண்ணியிலதான் இருக்கு. தண்ணி போனா அது வயித்துல பெருகும். காய வுட்டாதான் சாவும்."

தம்பி படித்தவன். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். காசம்மாள் முந்தானையால் மகளின் உதட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

உலகநாதன் படித்தவன்தான், அதில் ஊருக்கே சந்தேகமில்லை. சந்திரனுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது என்று அவனுக்குத் தெரிய வந்த மாதம் ஊர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கரும்பு வெட்ட வந்தவனையும் மாடு பிடிக்க வந்தவனையும் நிறுத்திவைத்துச் சொன்னான். எல்லாம் பாகூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அமீர் ஹம்சா பாய் ஏற்றிவிட்டது. பாய்க்கு விஞ்ஞானப் புத்தகம் என்றால் உயிர். துணி எடுக்கச் சென்னைக்குப் போனால் பேல்களுக்கு நடுவில் ஒன்றிரண்டு புத்தகம் செருகாமல் வரமாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடைக்குள் ஜமக்காளம் விரித்துவிடுவார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். ஆளைப் பார்த்துப் புத்தகம் சொல்வதில் அவரை மிஞ்ச முடியாது. எடுத்த எடுப்பில் வானத்தைப் படிக்காதே, மலைத்துப்போய் விட்டுவிடுவாய், மண்புழுவைப் படி, அது உன் வயலிலேயே கிடக்கிறது என்பார். ரயில் வண்டி பார்த்து வாய் பிளந்தவனுக்கு நீராவிப் புத்தகம்.

புத்தகம் ஒன்று, வாசிப்பவர்கள் பலர். அதனால் பாய் ஒரு வழி செய்திருந்தார். வந்த புத்தகத்தின் தையலைப் பிரித்து, முன்கட்டு பின்கட்டு என்று இரண்டாக்கி, சேலைக்கரையின் நூலால் தைத்துவிடுவார். ஒருவர் முன்கட்டை முடித்துத் தந்தால்தான் பின்கட்டு கைக்கு வரும். பின்கட்டைப் படித்தவன் படிக்காதவனிடம் அதைப் பற்றி மூச்சுவிடக்கூடாது. சொல்லிவிட்டால் படிக்கிற ருசி போய்விடும் என்பது பாயின் சட்டம். போன வெள்ளிக்கிழமை கிருமிப் புத்தகத்தின் முன்கட்டை முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதற்கு என்னதான் மருந்து என்று உலகநாதன் கேட்டபோது, எல்லோரும் சிரித்தார்கள். உன் முறை வரட்டும் என்றார் பாய்.

கிருமி எப்படி இருக்கும், தண்ணீரில் எப்படி நீந்தி வயிற்றுக்குள் போகும், எப்படிப் பெருகும் என்பதோடு முன்கட்டு முடிந்துவிட்டது. காயவிட்டால் சாகும் என்று அதில் எங்கும் இல்லை. அது உலகநாதனே போட்ட கணக்கு. காலரா கண்டவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாதென்று ஊரும் பரம்பரையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஊர் கிழக்கே என்றால் மேற்கே என்று நிற்கிறவன், அன்றைக்கு ஊரும் தானும் ஒரே பக்கம் நிற்பதைக் கண்டு கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா? யோசிக்கவில்லை. பயம் அவனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"கொதிக்க வெச்சி... உப்பு போட்டுக் குடு மாமா" என்றாள் அமுதம். "எழுதியிருக்கு."

"நான் படிக்காததா? அதுல அப்படி ஒண்ணும் இல்ல. நீ பேசாம படு."

நோய் வேகத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்தான். அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள் என்பது அவனுக்குத் தெரியும். ஒருமுறை அவளாகவே வந்து, எனக்கும் ஒரு புத்தகம் சொல்லேன் என்று கேட்டபோது, உனக்கெதற்கு, நான்தான் எல்லாம் சொல்கிறேனே என்றிருந்தான். சொல்லவும் சொன்னான், தினம் சொன்னான். அவள் பேசி அவன் கேட்டது மட்டும் கிடையாது.

பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியரைக் கையோடு கூட்டிவருகிறேன், அதுவரை ஒரு சொட்டு கொடுக்காதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வரப்பு வழியாக ஓடினான். நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் ஒரு துண்டு நிலம் குறுக்கிட்டது. அங்கே சுங்கச் சிப்பாய் நிறுத்தி மடியைத் தடவிப் பார்த்துவிட்டு விட்டான். அந்த நேரம்கூட உலகநாதனால் பொறுக்க முடியவில்லை. மாரியாத்தா, அவளை மட்டும் எடுத்துக்காதே என்று வாய்விட்டுக் கெஞ்சிக்கொண்டே ஓடினான். சாமி கும்பிடுவதை அவன் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் இல்லை. நெட்டப்பாக்கத்துப் பக்கம் வீட்டுக்கு வீடு படுத்துக் கிடக்கிறார்கள், அங்கே போயிருக்கிறார், சாயங்காலம் வருவார் என்றார்கள். சாயங்காலம் வரை அமுதம் தாங்கமாட்டாள். உலகநாதனுக்கு வேறு போக்கிடம் தெரியவில்லை, பாய் கடைக்கு ஓடினான்.

பாய் யாருக்கோ மல் துணி அளந்துகொண்டிருந்தார். உலகநாதனைப் பார்த்ததும் வழக்கம்போல முகம் மலர்ந்தது.

"பின்கட்டுல இன்னா இருக்கு பாய்?"

பாய் சிரிக்கப்போனவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அமுதத்துக்குக் கண்டிருக்கிறது, ராத்திரியிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறது என்று அவன் சொன்னான்.

"தண்ணி குடுத்துக்கினே இருக்கதானே?"

"ஒரு சொட்டு குடுக்கல பாய். முன்கட்டுல..."

பாய் கஜக்கோலைக் கீழே போட்டார்.

"பின்கட்டு ஆரம்பமே அதாம்பா. ஒடம்பு தண்ணி இல்லாமதான் சாவுது. நல்லா கொதிக்க வெச்சி, உப்பு போட்டு, வாந்தி எடுத்தாலும் வுடாம ஊத்திக்கினே இருக்கணும். தண்ணிதான் அதுக்கு மருந்து."

உப்புப் போட்டு என்று அமுதம் சொன்னாளே என்று உலகநாதன் முனகினான். அவளுக்கு எப்படித் தெரியும் என்று பாயையே கேட்டான். பாய்க்கும் தெரியவில்லை. கடையின் உள்கட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி சுரையா பதில் சொன்னாள்.

"பின்கட்டு அவகிட்டதான் இருக்குண்ணே. துணி எடுக்க வந்தப்போ நான்தான் குடுத்தேன். அடுத்த முறை உங்களுதுதானேன்னு குடுத்தேன். இந்த வாட்டியாவது அவரு சொல்றதுக்கு முந்தி நான் ஒண்ணு சொல்லிக் காட்டணும்க்கான்னு சிரிச்சிக்கினே வாங்கிக்கினு போனா."

அப்போது பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். ருசி போய்விடும் என்று சொன்ன இந்த வாயைக் கிழிக்க வேண்டும் என்றார். உலகநாதன் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அடுப்பில் சோற்றுக்கு வைத்திருந்த உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சுரையா அதில் அரிசி போடாமல், உப்பைப் போட்டுக் கலக்கி ஒரு கூஜாவில் ஊற்றிக் கொடுத்தாள். பாய் தன் வண்டியைப் பூட்டி, தானே ஓட்டினார். உலகநாதன் கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சூடு நெஞ்சில் சுட்டது, அவன் அதை விலக்கவில்லை. வழியெல்லாம் வாய்க்காலிலும் வயலிலும் தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாய் மாட்டை அடித்தார். வாழ்நாளில் அவர் மாட்டை அடித்தவரில்லை.

வீட்டு வாசலில் யாரும் இல்லை. தொற்றிக்கொள்ளும் என்று அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே காசம்மாள் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். காலிச் செம்பு எட்டாத தூரத்தில் சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இன்னாமா கெஞ்சினா தெரியுமா தம்பி" என்றாள் காசம்மாள். "காலைக்கூட புடிச்சா. நீ சொல்லிட்டுப் போனியேன்னு நான் ஒரு சொட்டு குடுக்கல. இப்பதான் சும்மா இருக்கா, தூங்கறா."

உலகநாதன் அமுதத்தின் கையைத் தொட்டுப் பார்த்தான். சில்லிட்டிருந்தது. வாசற்படி தாண்டி வந்த பாய், ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உலகநாதன் மட்டும் நிற்கவில்லை. அவசர அவசரமாகக் கூஜாவைத் திறந்து, கரண்டியில் எடுத்து, ஊதி ஆற்றி, அவள் உதட்டைப் பிரித்து ஊற்றினான். தண்ணீர் கடைவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினான், அதுவும் வழிந்தது.

"எம்மாம் உப்பு போடணும்னு எழுதியிருந்துச்சு அமுதம்? நீதானே படிச்ச. சொல்லு, நான் கேக்கறேன்" என்றான்.

அவள் வாயருகே காதை வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான்.