ரைஹா பெயரில் ஒரு ஆடு

"ஈரல்ல ஒரு துண்டு வேணும்."

மஹ்னி கேட்டதும் சமையல்காரர் அமாக் குர்டியின் கை அகப்பையோடு அண்டாவில் நின்றது. எங்கள் ஊரில் விருந்துக் கறி ஆண்கள் சமைப்பது. பெண்கள் சோற்றுப் பானையோடு நின்றுவிட வேண்டும். ஈரலை மட்டும் வாய்விட்டுக் கேட்கவே கூடாது என்று கல்யாணமான வாரமே மாமியார் அவளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"உனக்கா?"

"ரைஹாவுக்குங்க. மிளகாய் போடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன். மசிச்சுக் கஞ்சியில கலக்கணும். பிள்ளைக்கு ரத்தம் கம்மின்னு நர்ஸ் சொன்னாங்க. ஆறு மாசத்துக்கு மேல தாய்ப்பால்ல இருக்கிற இரும்பு பத்தாதாம்."

"இரும்பா? அப்ப நாலு ஆணிய வேக வெச்சுக் குடு!"

அடுப்படி ஆண்கள் சிரித்தார்கள். அமாக் குர்டி விடவில்லை.

"பையனாப் பெத்திருந்தா ரெண்டு ஆடு அறுத்திருப்போம். ரெண்டு ஈரல் கிடைச்சிருக்கும். பொட்டப்பிள்ளைக்கு ஒண்ணுதான்."

எட்டு மாத ரைஹாவுக்கு இன்று முடி எடுக்கிறார்கள். ஆடு அறுபட்டதும் அவள் பெயரில்தான். ஆனால் ஈரல் ஊர்த்தலைவர் முன் வைக்கும் தட்டுக்கு. எங்கள் பேச்சில் ஈரலுக்கும் நெஞ்சுரத்துக்கும் ஒரே சொல். ஈரல் தின்றால் ஆணுக்கு நெஞ்சுரம் வருமாம். பெண் தின்றால் அடங்கமாட்டாளாம். தலைமுறை தலைமுறையாக இத்தனை ஈரல் தின்ற ஆண்கள் பெண்டாட்டி முன்னால் தவிர வேறெங்கும் அந்த நெஞ்சுரத்தைக் காட்டியதாகத் தகவல் இல்லை.

மாமியார் இனாக் ஸெனிம் ஓடி வந்தாள். வாயில் சோறு. பேத்திக்காக மென்றுகொண்டிருந்தாள். மென்றதை வாழையிலையில் உமிழ்ந்துவிட்டுத்தான் பேச முடிந்தது.

"மானத்த வாங்கறியேடி! இப்படி மென்னு குடுத்துத்தான் உன் புருஷன வளர்த்தேன். செத்தா போயிட்டான்?"

"சாகல அத்தை. மலேசியாவுல எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல மூட்டை தூக்கறார். சம்பாதிக்கறத மாமாவுக்கு அனுப்பறார். ஒரு கோழி ஈரல் வாங்கக்கூட நான் மாமா கையப் பார்க்கணும்."

"வாய மூடு. தலைவர் வந்துட்டார்."

காலையில்தான் அந்தத் தலைவர் குழந்தைகளை எடை பார்க்கும் கூடத்தில் 'சத்தான குழந்தை, வளமான ஊர்' என்று பேனர் கட்டி, அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது ரைஹாவின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். உதட்டில், உள்ளங்கையில் ஒரு பொட்டுச் சிவப்பில்லை.

"அடடா, என்ன வெள்ளை! குடுத்து வெச்ச பிள்ளை. நல்ல இடத்துல மாப்பிள்ளை கிடைக்கும்."

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க பக்கத்து நிறங்க!"

மஹ்னி குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முடி எடுக்கும் சடங்கின் ஓதல் தொடங்கியது. ஆண்கள் வரிசையாக எழுந்து நின்றார்கள். பூ மிதந்த இளநீர்க் கிண்ணத்தில் கத்தரிக்கோல் கிடந்தது. ஒவ்வொருவரிடமும் குழந்தையைக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் ஒரு நுனி முடி வெட்டுவார்கள்.

"பிள்ளையக் கொண்டு வா!" என்றார் மாமனார்.

மஹ்னி வந்தாள். இடுப்பில் ரைஹா, தோளில் துணிப்பை.

"பை எதுக்கு?"

"டவுனுக்குப் போறேன் மாமா. அக்கா கோழிக்கடையில ஆள் கேட்டா. போன வாரமே வரேன்னுட்டேன். இன்னிக்கு ஒரு ஸ்பூன் கிடைச்சிருந்தா வரலன்னு சொல்லியிருப்பேன்."

"முடி எடுக்காமயா? ஊரே நிக்குது!"

"முடி அவளுக்கு நல்லாத்தான் இருக்கு. ரத்தந்தான் இல்ல."

ஓதலைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது வழக்கம். அதனால் யாரும் அவளைப் பிடிக்க வரவில்லை. ஓதும் குரல்கள் மட்டும் உயர்ந்தன. தலைவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். எதை வெட்டுவதென்று தெரியாமல் நின்றார். நீட்டிய கைகளைத் தாண்டி, மூங்கில் படலைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு மஹ்னி தெருவில் இறங்கினாள்.