முடியில் இருந்த ஊர்

மதுரைக்கு மேற்கே எழுமலையில் வீரணன் மகள் தமிழ்வாணிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவள் அம்மா தங்கப்பொண்ணு, "செத்துப்போன கடல்பசுவோட பல்ல அறுத்து, அது உசுரோட இருக்கையில எங்கெங்க திரிஞ்சுச்சுன்னு சொல்லுவா" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தங்கப்பொண்ணு சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தமிழ்வாணி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கரை ஒதுங்கிச் செத்த கடல்பசுக்களின் பற்கள் அவளிடம் வரும். மரத்துக்குள் வளையம் இருப்பதுபோல் பல்லுக்குள்ளும் அடுக்கடுக்காக வளர்ச்சி இருக்கும். கரிமத்திலும் நைட்ரஜனிலும் எடை கூடின அணுவும் குறைந்த அணுவும் கலந்திருக்கின்றன. அந்தக் கலவை கடலுக்குக் கடல், தீனிக்குத் தீனி மாறும். தின்றது எதுவோ அதன் தடம் அந்தந்த அடுக்கில் தங்கிவிடும். அதை அளந்து பார்த்து, இது பாக் விரிகுடாவில் பிறந்தது, நடுவில் மன்னார் வளைகுடாப் பக்கம் போயிருக்கிறது என்று பின்னாலேயே போகாமல் சொல்லிவிடலாம்.

வீட்டில் இதை ஆசையாகக் கேட்டவன் அண்ணன் சிவபாண்டி ஒருவன்தான். "நீ செத்ததப் பாத்து எழுது. நான் உசுரோட பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று விளையாட்டாகச் சொன்னவன், ஒருநாள் மில் வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் விசைப்படகுக்குப் போகிறேன் என்று நிஜமாகவே கிளம்பிவிட்டான். கஷ்டப்பட்டு ஐ.டி.ஐ. படிக்கவைத்து, ஆள் பிடித்து மில்லில் சேர்த்துவிட்ட வீரணனுக்கு அது தாங்கவில்லை.

"போறவன் அப்படியே போயிரு. திரும்பி வந்து இந்த வாசல மிதிச்ச, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார்.

"நீங்களா வான்னு சொன்னாத்தேன் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான் சிவபாண்டி. அப்பனும் மகனும் ஒரே வார்ப்பு. இரண்டு வருடம் அவர் கூப்பிடவில்லை, அவன் வரவில்லை.

தங்கைக்கு மட்டும் வாரம் தவறாமல் போன் செய்வான். "தமிழு, இன்னைக்கு ஓங்கல் கூட்டமாப் போச்சு. குட்டி ஒண்ணு தாயி முதுகுல ஒரசிக்கிட்டே வந்துச்சு பாரு" என்பான். டால்பினைக் கடற்கரையில் ஓங்கல் என்பார்கள் என்று அவளுக்கே சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அவன் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்துகொண்டே இருக்கும். சாப்பிட்டியா அண்ணே என்றால், "கடல்ல இருக்கவனுக்கு மீனுக்கா பஞ்சம்" என்பான்.

அப்படி இருந்தவனை மதுரை வண்டியூர்ப் பக்கம் ரிங் ரோட்டில் ஒரு லாரி அடித்துப்போட்டது. போலீஸ்காரர் அவன் போனில் கடைசியாக இருந்த நம்பருக்கு அடித்தார். தமிழ்வாணிதான் பிணவறைக்குப் போய் அடையாளம் சொன்னாள். முடி தோளுக்குக் கீழே வளர்ந்திருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. லாரியில் போன விரல்கள் அல்ல அவை. எப்போதோ போய், தோல் மூடி, ஆறிப்போயிருந்தன. ஒரு போனிலும் அவன் அதைச் சொன்னதில்லை.

"வீட்டுக்குத்தேன் வந்துக்கிட்டு இருந்திருக்கான். தூத்துக்குடி பஸ்ஸு மாட்டுத்தாவணிக்குத்தான வரும்" என்று தங்கப்பொண்ணு எல்லோரிடமும் சொல்லி அழுதாள். வீரணன் கயிற்றுக்கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். காரியம் முடிந்த பிறகும் அங்கேயே கிடந்தார்.

முப்பதாம் நாள் கும்பிட்டு, தமிழ்வாணி மதுரைக்குக் கிளம்புகையில் தங்கப்பொண்ணு ஒரு சின்னத் துணிப்பொட்டலத்தை அவள் கையில் வைத்தாள். மகனைக் குளிப்பாட்டும்போது வெட்டி வைத்துக்கொண்ட முடி.

"ஆத்தா, அம்புட்டு வாயில்லாச் சீவனும் எங்க இருந்துச்சு, என்னத்தத் தின்னுச்சுன்னு சொல்றியே. எம்புள்ள வவுறு நெறையச் சாப்புட்டானான்னு பாத்துச் சொல்லு."

"அம்மா, அதெல்லாம்..."

"எனக்கு வேற எதுவும் வேணாம்த்தா. அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

தமிழ்வாணியின் ஆய்வு வழிகாட்டி முனீஸ்வரி. அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "முடியும் பல்லு மாதிரிதான். மாசம் ஒரு சென்டிமீட்டர் வளரும், நுனியில பழசு, அடியில புதுசு. அளக்கலாம். ஆனா தெரிஞ்சுக்கிட்டத அப்பறம் தெரியாமப் பண்ண முடியாதும்மா" என்றார். தமிழ்வாணி அண்ணனின் முடியைத் துண்டு துண்டாக வெட்டினாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தன் தலையிலிருந்தும் ஒரு கற்றை வெட்டிச் சேர்த்தாள். கடல்பசுப் பல்தூளோடு அதுவும் அளவைக்குப் போனது.

முடிவு வந்தபோது நுனியில் மட்டும் கடல் இருந்தது. கடல்மீன் தின்கிறவன் முடியில் கனத்த நைட்ரஜன் ஏறி நிற்கும். நுனித்துண்டுகளில் அது ஏறி நின்றது. பிறகு சரசரவென்று இறங்கி, ஒன்றரை வருடம் அப்படியே கிடந்தது. சோறு, இட்லி, பருப்பு. இறங்கியபின் வந்த அத்தனை துண்டும் தமிழ்வாணியின் முடி அளவுகளோடு ஒட்டிக்கொண்டு ஓடின.

"மீனு சாப்புடறத விட்டிருக்கலாம்" என்றார் முனீஸ்வரி மெதுவாக. "இது தெருப் பேரெல்லாம் சொல்லாதும்மா."

"படகுல இருந்துக்கிட்டு மீனு சாப்புடாம இருப்பானா மேடம்?"

அவர் அளவைத் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலையில் தமிழ்வாணி வண்டியூருக்குப் போனாள். லாரி அடித்த இடத்திலிருந்து ஒவ்வொரு கடையாக, போனில் அண்ணன் படத்தைக் காட்டிக்கொண்டே வந்தாள். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ்ஸில் இட்லி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் படத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அவள் பெயர் ஒச்சாயி.

"நம்ம சிவால்ல. காய்கறி மார்க்கெட்டுல மூட்டை எறக்குவாரு. ரெண்டு வேளையும் இங்கனதேன் சாப்பாடு. நீ யாரும்மா?"

"தங்கச்சி."

ஒச்சாயி அவளை உட்காரவைத்து எல்லாம் சொன்னாள். வலை இழுக்கிற எந்திரத்தில் விரல்கள் சிக்கிக்கொண்டபின் படகில் அவனை வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊருக்குப் போக ரோசம் விடவில்லை. மதுரைக்கு வந்து மார்க்கெட்டில் ஒட்டிக்கொண்டான்.

"ஏம்ப்பா, இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு வீட்டுக்குப் போகக் கூடாதான்னு எத்தன தடவ கேட்டிருப்பேன். எங்கய்யா வாயால வாடான்னு ஒரு சொல்லு வரட்டும்க்கா, அன்னைக்கே அழகர்கோயில்ல முடி எறக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன்னு சொல்லுவாரு. நேந்துக்கிட்டு வளத்த முடிம்மா அது."

தமிழ்வாணிக்கு ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எங்கிட்ட போன்ல பேசுவாருக்கா. பின்னால காத்துச் சத்தம் கேக்கும். கடல் காத்து மாதிரி."

ஒச்சாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தெப்பக்குளத்துப் படிக்கட்டுல போயி உக்காந்துக்கிருவாரு. பேசிட்டு வரவரைக்கும் நான் சோத்த மூடி வச்சிருப்பேன். ஒரு நாளு ரோட்டுல போன பஸ்ஸப் பாத்துட்டு, வெடுக்குன்னு அடுப்படிக்குள்ள வந்து நின்னுக்கிட்டாரு. என்னப்பான்னேன். எந்தங்கச்சி போகுதுக்கா, காலேசுக்குன்னாரு. சொல்லிட்டு ஒரே சிரிப்பு. அப்பறம் சாப்புடவே இல்ல."

அந்த வழியாகத்தான் அவள் தினமும் போய்வந்தாள். முதுகில் உரசிக்கொண்டு வந்த ஓங்கல் குட்டியை அவன் எங்கிருந்து பார்த்தான் என்று நினைத்தபோது, இத்தனை நாள் வராத அழுகை வந்தது. ஒச்சாயி கல்லாவை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் பொய் சொல்லிவிடலாம் என்றுதான் தமிழ்வாணி எழுமலைக்குப் பஸ் ஏறினாள். வயிறு நிறையச் சாப்பிட்டான், கடைசிவரை கடலில்தான் இருந்தான், வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் முதல் வாக்கியம் மட்டும்தான் வாயில் வந்தது.

"சாப்புட்டான்மா. ஒரு அக்கா நல்லா ஆக்கிப் போட்டிருக்கு."

"எந்த ஊருல?"

தமிழ்வாணி பையைக் கீழே வைத்தாள்.

"எந்த ஊருலத்தா?"

"மதுரையிலம்மா. ஒன்றரை வருசமா."

தங்கப்பொண்ணு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "அங்க கண்ணாஸ்பத்திரிக்கு எத்தன தடவ போனேன். அம்புட்டுக் கூட்டத்துல எவன் மூஞ்சியெல்லாமோ பாத்தேனே" என்றாள். வீரணன் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கிடந்தார். மகள் மிச்சத்தையும் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. முடிநேர்ச்சையைச் சொன்னபோது மட்டும் கையைத் தூக்கிக் கண்களை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் தங்கப்பொண்ணு அந்த மெஸ்ஸைப் பார்க்கவேண்டும் என்றாள். மூவரும் போனார்கள். ஒச்சாயி அவளை அவன் வழக்கமாக உட்காரும் மூலை பெஞ்சில் உட்காரவைத்து, அவன் சாப்பிடுகிற மாதிரியே சோற்றில் புளிக்குழம்பு ஊற்றி, ஆம்லெட் வைத்தாள். தங்கப்பொண்ணு முதல் வாயை எடுத்து, மெல்ல மென்று விழுங்கினாள். "உப்பு, ஒரப்பெல்லாம் சரியா இருக்கு தாயி" என்று ஒச்சாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீரணன் உள்ளே வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றார். ஒச்சாயி வாசலுக்கு வந்து, "வாங்கய்யா, உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீக" என்று கூப்பிட்டாள். இன்னொரு முறையும் கூப்பிட்டாள். அவர் குரல் வந்த திசையைப் பார்த்தார். இரண்டு எட்டு வைத்தார். பிறகு அங்கேயே ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

தமிழ்வாணி எழுந்து வெளியே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.