சால்ட் லேக் சாயம்

தமயந்தி வரும்போதே கையில் ஒரு பழுப்புக் காகிதப் பை இருந்தது. சணல் கயிற்றில் கைப்பிடி போட்ட, பார்த்த மாத்திரத்தில் விலை அதிகம் என்று தெரிகிற பை. கல்கத்தாவின் நியூ டவுனில் பதினோராவது மாடிக்குக் குடிபோனதிலிருந்து அவள் அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்ததில்லை. கொண்டுவந்ததை விளக்கம் சொல்லாமல் கொடுத்ததும் இல்லை.

"மதினி, இது உங்களுக்குத்தான். கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுங்க."

கோமதி கண்ணை மூடவில்லை. அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பைக்குள் விட்டாள். இரண்டு கம்பளிச் சிட்டங்கள். கடையில் விற்கிற உருண்டை இல்லை. நீளமாக முறுக்கி மடித்த நூல். தள்ளிப் பிடித்தால் மழை மேகம் மாதிரி சாம்பல் நிறம். கிட்டே கொண்டுவந்தால் அந்தச் சாம்பலுக்குள் நாவல்பழமும் ரோஜாவும் மீன்கொத்தியின் நீலமும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. நடுநடுவே சாயமே தொடாத வெள்ளைப் பொட்டுகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் நீல விளிம்பு.

சிட்டத்தில் ஒரு அட்டை தொங்கியது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் ஒரு வயதான மலைக்காரப் பெண்ணின் படம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில்: இமயமலைப் பழங்குடிப் பெண்களின் கைவண்ணம், காட்டு இலைகளிலும் வேர்களிலும் தோய்த்தது.

"பாவம் மதினி, எழுதப் படிக்கத் தெரியாதவங்க. பனியில உக்காந்து, விறகடுப்புல இலையையும் வேரையும் போட்டுக் காய்ச்சி என்னமா செய்திருக்காவ பாருங்க! நீங்களும்தான் ஏதோ கலர் போட்டுப் பாக்கியளே. இதைப் பாத்தா உங்களுக்கு ஒரு ஐடியா கிடைக்கும்னு தோணிச்சு."

சிட்டம் சிக்காகாமல் இருக்க அங்கங்கே துணி நாடாவால் கட்டியிருந்தது. கோமதி அந்த நாடாவை விரலில் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் மெல்லிய பச்சைக் கரை.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க," என்று கூப்பிட்டாள். பெத்துராஜ் செய்தித்தாளும் கையுமாக வந்தார். "இது யாரு வேட்டி?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்னுதுல்லா. கோஆப்டெக்ஸ்ல எடுத்தது. இதை எதுக்கு இப்படிக் கிழிச்ச?"

தமயந்திக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது.

கோமதி கல்கத்தாவுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே போவுதி என்று அவள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணியிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டாள். பின்னல் வந்தது, கடையில் கிடைத்த நிறங்கள்தாம் அவளுக்குப் பிடிக்கவில்லை. மெரூன், கருநீலம், பாட்டில் பச்சை, அதை விட்டால் குழந்தைகளுக்கென்று ஒரு மஞ்சள். வெள்ளைக் கம்பளியை வாங்கித் தானே சாயம் போடத் தொடங்கினாள். படா பஜாரில் டப்பாவில் விற்கும் சாயப்பொடி, வினிகர், சமையலுக்கு ஆகாமல் ஒதுக்கிய ஒரு எனாமல் அண்டா. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றாள். கொதிக்கவிட்டுக் கிளறினால் கம்பளி கட்டி தட்டி ஜமுக்காளமாகிவிடும் என்பதை ஒரு முழு ஸ்வெட்டருக்கான நூலைத் தொலைத்த பிறகு தெரிந்துகொண்டாள்.

கறுப்புப் பொடி உண்மையில் கறுப்பே இல்லை என்பதும் அப்படித் தெரிந்ததுதான். அதற்குள் சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒன்றாகக் கிடக்கின்றன. வினிகரில் ஊறிய நூலில் அதைக் கொஞ்சமாக விட்டுச் சூட்டை மெல்ல ஏற்றினால், அவசரக்காரச் சிவப்பு விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். நீலத்துக்கு நிதானம் அதிகம். நூலோடு நகர்ந்து தள்ளிப்போய் உட்காரும். சாயம் ஏறக்கூடாத இடங்களைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுவாள், பூத்தொடுக்கும்போது போடுகிற அதே முடிச்சு. கட்டுக்கு அடியில் வெள்ளை நிற்கும், கட்டின் ஓரத்தில் நீலம் மட்டும் கசிந்து ஏறும். கட்டை அவிழ்க்கிற நேரத்தில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்க அவளுக்கு நெஞ்சு படபடக்கும்.

இரண்டு குளிர்காலமாகக் கோல்பார்க் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நந்திதா அவளிடம் வாங்கிப்போகிறாள். டிரைவர் வந்து மூட்டையை எடுத்துக்கொண்டு போவான். இதைக் கோமதி தமயந்தியிடம் சொன்னதில்லை. சொன்னால் அண்ணன் சம்பளம் போதவில்லையா என்று கேட்பாள்.

"அப்படின்னா நான் ஏமாந்துட்டேனா?" என்றாள் தமயந்தி.

"நீ ஏமாந்தது இருக்கட்டும். நான் எங்க போனேன்? ரெண்டு மாசமா இந்தப் பால்கனியில நின்னது யாரு? பழங்குடியா?"

"அது சரிதான் மதினி. ஆனாலும் அந்த அட்டையோட பாத்தப்ப ஒரு இது இருந்துச்சு."

கோமதிக்குச் சுரீரென்று ஏறியது. குழம்பை இறக்கிய சத்தத்தில் தமயந்தி பேச்சை மாற்றிக்கொண்டாள்.

அவள் போனபிறகு பெத்துராஜ் சமாதானத்துக்கு வந்தார். "விடு கோமதி. நந்திதாவுக்கு அது வியாபாரம். உனக்கு இதுல என்ன நஷ்டம்?"

"நஷ்டம்னு நான் சொன்னேனா? நீங்க ராப்பகலா எழுதுற நோட்டுல வேற ஒருத்தன் கையெழுத்துப் போட்டா சும்மா இருப்பியளா?"

"எங்க ஆபீஸ்ல தினமும் அதான் நடக்குது."

"அதான் உங்களுக்குச் சுரணை செத்துப்போச்சு. எனக்கு இன்னும் இருக்கு."

மறுநாள் கரியாஹாட் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை வங்காள மொழியில் கோத்துப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் வங்காளி கடைத்தெருவில் மணிக்கணக்காகப் பேரம் பேசப் போதும். கோபம் வந்தால் மட்டும் வினைச்சொற்கள் காலை வாரிவிடும்.

நந்திதாவின் கடை ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். வாசலில் காவல்காரன், உள்ளே ஊதுபத்தி வாசனை. கோமதியின் சிட்டங்கள் ஒரு மூங்கில் கூடையில் குவிந்திருந்தன. கூடைக்கு மேலே சுவரில் அதே பெண்ணின் முகம், ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தது.

"அரே, கோமதி தீதி! போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே. டீ சொல்லட்டுமா?"

"இது யாரு?" கோமதி சுவரைக் காட்டினாள்.

"அழகா இருக்காங்க இல்ல? என் வீட்டுக்காரர் எடுத்த படம். காலிம்போங் போற வழியில ஒரு டீக்கடையில உக்காந்திருந்தாங்க."

"சாயம் போடறவங்களா?"

"தெரியலையே. அந்தப் பக்கம் எல்லாரும் ஏதாவது நெய்வாங்க, பின்னுவாங்க."

"பேரு?"

நந்திதா சிரித்தாள். "பேரெல்லாம் யார் கேட்டா தீதி? வண்டியை நிறுத்தினோம், டீ குடிச்சோம், படம் எடுத்தோம், கிளம்பிட்டோம்."

கோமதி தன் பேரை எடுத்துவிட்டார்கள் என்ற ஆத்திரத்தோடுதான் வந்தாள். இங்கே இன்னொருத்தியின் முகத்தை உரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், பேரைக்கூடக் கேட்கவில்லை. அந்தப் பெண் இப்போதும் அந்த டீக்கடையில் உட்கார்ந்திருக்கலாம். கல்கத்தாவில் தன் முகம் கம்பளி விற்றுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

"இதை எடு," என்றாள். "அவங்க படத்தையும் எடு, அந்த இலை வேர் கதையையும் எடு."

நந்திதா நாற்காலியை இழுத்துப் போட்டாள். குரல் மட்டும் தேனாக இருந்தது. "கோவிச்சுக்காதீங்க. உங்களைப் பத்தி எழுத எனக்கு ஆசை இல்லையா? என்னன்னு எழுத? சால்ட் லேக் குவார்ட்டர்ஸ்ல ஒரு ஆபீசர் வீட்டம்மா கேஸ் அடுப்புல சாயம் காய்ச்சுறாங்கன்னா? கடைக்கு வர்றவங்க கம்பளியா வாங்குறாங்க? கதையைத்தான் வாங்குறாங்க."

அந்த நேரம் ஒரு பெண் உள்ளே வந்தாள். நிறைமாதத்துக்கு இன்னும் அதிக நாள் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கூடையில் ஒரு சிட்டத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "குழந்தைக்குத் தொப்பி பின்ன. இலைச்சாயம்தானே? பயமில்லையே?"

"சுத்தமான காட்டு மூலிகை," என்றாள் நந்திதா.

"இல்லை," என்றாள் கோமதி.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். நந்திதா சிரிப்பு மாறாமல், "அவங்க நம்ம பேக்கிங் பண்ற அம்மா. மதராஸி. பாஷை சரியா வராது," என்றாள்.

கோமதி பஸ்ஸில் கோத்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் அவிழ்ந்து போயின. வங்காளியும் தமிழும் இந்தியுமாக வந்ததை வந்தபடி பேசினாள். பேக்கிங் செய்கிறவளாக இருந்தால் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. ஆனால் அவள் பேக்கிங் செய்கிறவள் இல்லை. சிட்டத்தை அந்தப் பெண்ணின் கையிலிருந்து வாங்கி நாடாவை இழுத்துக் காட்டினாள். "இந்தப் பச்சைக் கரையைப் பாரு. இது என் வீட்டுக்காரரோட வேட்டி. மலையில இருக்கிறவங்க மதராஸ் வேட்டியைக் கிழிச்சா கட்டுறாங்க? இதுல இலையும் இல்லை, வேரும் இல்லை. படா பஜார் டப்பாப் பொடி. தண்ணி தெளியிற வரைக்கும் நான் என் கையால அலசியிருக்கேன். உன் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இவ சொல்றது பொய்."

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிட்டத்தை மெதுவாகக் கூடையிலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

"பாத்தீங்களா உங்க உண்மையை?" என்றாள் நந்திதா. இப்போது குரலில் தேன் இல்லை.

அது கோமதிக்கு உறைத்தது. இல்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் தன்னை நம்புவாள், வாங்குவாள் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தாள். அந்த ஏமாற்றத்துக்கும் சேர்த்து இன்னும் கோபம் வந்தது. கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்கத் தொடங்கினாள்.

"என்ன செய்யுறீங்க? அது என் சரக்கு! காசு கொடுத்து வாங்கினது!"

"கம்பளி உன்னுதுதான். நல்லா வித்துக்கோ. பொய்யை மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன்."

காவல்காரன் வந்து நின்றான். நடுத்தர வயதுப் பெண்ணைத் தொடலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கோமதி கடைசி அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். சுவரில் இருந்த பெரிய படம் கைக்கு எட்டவில்லை.

வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்துக்குப் போகத் தோன்றவில்லை. ராஷ்பிகாரி அவென்யூ நெடுக டிராம் தண்டவாளத்தை ஒட்டி, கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தாள். நந்திதாவிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் நல்ல வங்காளியில் அப்போதுதான் வாயில் வந்தது. லேக் மார்க்கெட் வந்த பிறகுதான் கால் வலிப்பது தெரிந்தது.

அங்கே முகமது இஸ்மாயிலின் மளிகைக் கடையில் அவள் மாதா மாதம் காப்பிப்பொடியும் அப்பளமும் வாங்குவாள். காயல்பட்டினத்துக்காரர். முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். கோமதி எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் காப்பிக்கொட்டையை அரைத்துக்கொண்டே கேட்டார். இயந்திரச் சத்தத்தில் அவள் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"இனி அங்க கொடுக்கப் போறதில்லல்லா?" என்றார் இஸ்மாயில்.

"என் பிணத்து மேலதான் இனிமே."

"அப்ப இங்க கொண்டாந்து தொங்கவிடுங்க."

"விளையாடுதியளா பாய்? உங்க கடையில யாரு கம்பளி வாங்க வருவா?"

"அப்பளம் வாங்க வாறவளுக்குக் குளிராதாம்மா?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை ஒரு மூட்டையோடு வந்தாள். வத்தல் பாக்கெட்டுக்கும் அரிசி மூட்டைக்கும் இடையில் ஒரு கம்பி கட்டி இஸ்மாயில் சிட்டங்களைத் தொங்கவிட்டார். முதல் வாரம் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள், யாரும் வாங்கவில்லை. இரண்டாவது வாரம் லேக் ரோட்டில் இருந்து ஒரு டாக்டரம்மா வந்து இருந்ததில் பாதியை அள்ளிக்கொண்டு போனாள். யார் செய்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "சால்ட் லேக் கோமதி," என்று இஸ்மாயில் கல்லாவில் இருந்தபடியே உரக்கச் சொன்னார். பெருமைக்குச் சொல்கிறாரா, மனைவியிடம் திட்டு வாங்காமல் இருக்கச் சொல்கிறாரா என்று தெரியாதபடி பெத்துராஜும் தன் ஆபீசில் சொல்லத் தொடங்கினார்.

ஜனவரியில் ஒரு நாள் கோமதி கோல்பார்க்கில் இறங்கி அந்தக் கடையின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். சுவரில் அந்தப் பெண்ணின் முகம் இல்லை. அந்த இடத்தில் ஒரு பனிமலை மாட்டியிருந்தது. கூடையில் வேறு யாரோ சாயம் போட்ட நூல். கட்டு இறுக்கமில்லாமல் வெள்ளைக்குள் சிவப்பு வழிந்திருந்தது. அட்டையில் வாசகம் மட்டும் மாறவில்லை: பழங்குடிப் பெண்கள், இலை, வேர்.

படத்தை எடுத்துவிட்டாளே என்று ஒரு கணம் நெஞ்சு இளகியது. வாசகத்தைப் படித்ததும் மறுபடி கொதித்தது. காவல்காரன் அவளைக் கண்டதும் கதவை மறித்துக்கொண்டு நின்றான். கோமதி நடைபாதையிலேயே நின்று, உள்ளே போக வந்த இரண்டு பெண்களிடம், அந்தக் கம்பளி எந்த மலையிலிருந்தும் வரவில்லை என்று நிதானமாக, ஒரு வினைச்சொல்கூடத் தவறாமல் சொன்னாள். ஒருத்தி நின்று கேட்டாள். இன்னொருத்தி உள்ளே போனாள். அந்தப் பக்கம் போகிற நாளெல்லாம் கோமதி இறங்கிச் சொல்லிவிட்டுத்தான் வருகிறாள். நந்திதா இரண்டு முறை போன் செய்தாள், கோமதி எடுக்கவில்லை.

லேக் மார்க்கெட்டில் சனிக்கிழமைகளில் அவளே நிற்கிறாள். போன வாரம் பட்டுச்சால்வை போர்த்திய ஒரு அம்மாள் சிட்டத்தை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"இதென்ன, ஏதோ நெடி அடிக்குது?"

"பெருங்காயம்," என்றாள் கோமதி. "மளிகைக் கடை இது. வாடை ஒரு அலசல்ல போயிடும். சாயம் போகாது. வேண்டாம்னா வெச்சிட்டுப் போங்க."

அந்த அம்மாள் வைக்கவில்லை. இன்னொன்று எடுத்து முகர்ந்தாள்.