மாடி வீடு, கீழ் வீடு, ஓர் அட்டவணை

1

இந்தக் கதைக்கு மூலம் ஓர் அட்டவணை. கூச்சத்தோடுதான் சொல்கிறேன். மற்றவர்களுக்குக் கனவிலும் காதலிலும் கதை பிறக்கிறது. எனக்கு வாய்த்தது செய்தித்தாளில் வந்த ஒரு கணக்கு. இந்தப் பெருநகரத்தில் சொந்த வீட்டுக் குடும்பங்களின் வருமானம் வாடகைக் குடும்பங்களுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காம். மாடியில் ஒரு பணக்காரி, கீழே ஓர் ஏழை, கதை தன்னால் ஓடிவிடும் என்று உட்கார்ந்தேன்.

2

"மாதம் பிறந்ததும் மாடி அக்கா வாடகைக்காகக் கையை நீட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். அவள் கழுத்தில்…"

(இங்கேயே வாக்கியம் படுத்துவிட்டது. அக்காவின் கழுத்தில் ஒன்றும் இல்லை. கணவன் கட்டிவைத்துவிட்டுப் போன வீடு ஒன்றுதான் மிச்சம். கீழ் வீட்டு வாடகையில்தான் அவள் அடுப்பு எரிகிறது.)

கீழே குடியிருப்பவள் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். கணவன் பேருந்து ஓட்டுகிறான். வீட்டுக்குள் இரண்டு சம்பளம் வருகிறது. என் அட்டவணை இந்த வீட்டு வாசலிலேயே குப்புற விழுந்தது.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: வாடகைக்கு இருப்பவர்களில் கை கொஞ்சம் நிமிர்ந்தவர்கள் வீடு வாங்கி அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். மிஞ்சியவர்களை வைத்துத்தான் இந்தப் பக்கத்துக் கணக்கு. முழுக் காரணம் இதுவல்ல. என் கதைக்கு இது போதும்.)

3

இப்போது கீழ் வீட்டுக்காரியின் முறை. சொந்த வீடு வாங்க வங்கிக் கடன் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு அறை, ஒரு பால்கனி. அடுத்தவர் சுவர் என்று ஆறு வருடமாக ஓர் ஆணிகூட அடிக்காமல், நாட்காட்டியைக் கதவுக் கொண்டியில் தொங்கவிட்டவள் அவள். புது வீட்டில் எங்கெங்கே ஆணி அடிப்பது என்று மனதுக்குள் குறித்தே வைத்திருக்கிறாள்.

ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தின் கீழ்த்தளம் வாடகைக்கு ஆள் வராமல் ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. தான் போய்விட்டால் அக்கா என்ன செய்வாள்?

"அக்கா அழுதாள்" என்று எழுதிப் பார்த்தேன். அந்த மனுஷி அழ மாட்டேன் என்றுவிட்டாள். சரி, நடந்தபடியே எழுதுகிறேன்.

படியில் அக்காவை மறித்து நின்றாள் கீழ் வீட்டுக்காரி.

"அக்கா, அந்த வீட்ட வாங்கி வாடகைக்கு விட்டுடறோம். நாங்க இங்கயே இருந்துக்கறோம்."

"எதுக்கு?"

"இங்க பழகிடுச்சு."

"உனக்குப் பொய் சொல்ல வராதும்மா. எனக்காகத்தானே?"

அவள் முந்தானையால் படிக் கைப்பிடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அப்ப கேட்டுக்கோ. அடுத்த மாசத்துலேர்ந்து வாடகைய ஏத்தப் போறேன்."

"எவ்வளவுக்கா?"

"உங்களால குடுக்க முடியாத அளவுக்கு."

"என்னக்கா விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. என் வீடு, என் இஷ்டம். கட்டுப்படியாகலன்னா காலி பண்ணு."

ஆறு வருடத்தில் ஒருமுறைகூட வாடகையை ஏற்றாதவள் இப்படிச் சொல்கிறாள். நான் யோசித்து எழுதிய வசனம் இல்லை இது. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. தன் வயிற்றில் தானே அடித்துக்கொண்டு, அதையும் கறார் பேச்சு போலக் காட்டத் தெரிந்த இந்த அக்காவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

4

கீழ் வீட்டுக்காரி போனாள் என்று எழுதினேன். மாடியில் ஒரு வேளைச் சமையல் நின்றது, கிழித்துவிட்டேன். போகவில்லை என்று எழுதினேன். அக்கா சிரமப்பட்டுப் போட்ட சண்டை வீணாகப் போனது, அதையும் கிழித்தேன். இரண்டு பேருமே மற்றவளுக்காக விட்டுக்கொடுக்கத் துடிக்கும்போது எவளைத் தோற்கடிப்பது?

எனக்குத் துணிவில்லை, நீங்களே சொல்லுங்கள். அக்கா இன்னும் படியில்தான் நிற்கிறாள், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. வெகுநேரம் அவளால் அப்படி வைத்திருக்க முடியாது.