பனியில் புரட்டிய கச்சான் கொடி

விடியற்காலை சுபஹு தொழுத கையோடு பல்கீஸ், நிலக்கடலை ஆய்ந்தபின் ஆட்டுத் தீனுக்குக் காயப்போட்ட கச்சான் கொடியைப் புரட்ட உட்கார்ந்துவிடுவாள். பனி ஈரம் இருக்கும்போதே புரட்டிவிட வேண்டும். போன வருடம் நல்ல வெயில் எரிக்கிறதே என்று உச்சிப் பொழுதில் புரட்டி, இலையெல்லாம் பொடிந்து மண்ணோடு போயிற்று. வெறும் தண்டைத் தின்ற ஆடு சிவப்பி அரைப் போத்தல் பாலோடு நின்றுகொண்டது. அந்தப் புத்தி அவளுக்குச் சும்மா வரவில்லை.

இந்த முறை திருக்கோவில் ஊரில் கந்தப்போடியின் தோட்டத்துக்குக் கச்சான் பிடுங்கப் போனவள், கூலியில் பாதியைக் கொடியாகவே கேட்டு வாங்கி வந்தாள். தகரக் கொட்டிலின் நிழலில் பரப்பிக் காயவைத்தாள். இப்போது சிவப்பி ஒன்றரைப் போத்தல் கறக்கிறது.

ஆனால் சிவப்பி அவளுடைய ஆடு இல்லை. மீராசாஹிபு ஹாஜியார் பங்குக்கு வளர்க்கச் சொல்லி வாரத்துக்கு விட்டது. பால் வளர்க்கிறவளுக்கு, முதல் பெட்டைக் குட்டி ஹாஜியாருக்கு, அடுத்தது அவளுக்கு. முதல் குட்டி ஹாஜியாரிடம் போய்விட்டது. இப்போது இரண்டு மாதச் சினை. எட்டு வருடமாக ஊரார் ஆட்டை வளர்த்துக் கொடுத்தவளுக்குத் தன் ஆடு என்று சொல்ல ஒன்று வேண்டும். ஆசையென்றால் சாப்பாடு இறங்காத ஆசை. பிறக்காத குட்டிக்குக் கயிறுகூடத் திரித்து வைத்திருந்தாள்.

அன்று காலை ஹாஜியார் தன் மகன் முனாஸோடு சின்ன லொறியில் வந்து இறங்கினார்.

"ஒண்டரப் போத்தல் கறக்குதாமே புள்ள? மகன் சம்மாந்துறையில ஆட்டுப் பண்ணை போடுறான். சிவப்பியக் கொண்டு போறம்."

"அப்ப என்ட குட்டி, ஹாஜியார்?"

"வயித்துல இரிக்கிறதுக்கு ஆரும் பங்கு கேப்பாங்களா? பொறக்கட்டும், மறுகா பாப்பம்."

முனாஸ் அதற்குள் சிவப்பியை ஏற்றிக் கட்டிவிட்டு, கொட்டிலில் கிடந்த கொடியையும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இதத் திண்டுதானே இவ்வளவு பால். எப்பிடிக் காய வெச்சீங்க, ராத்தா?"

சொல்லாவிட்டால் இந்தக் கொடி தீர்ந்ததும் பால் வற்றும். பால் வற்றினால் ஆடு திரும்பி வரும். மனம் அதையே பிடித்துக்கொண்டு நின்றது. ஆனால் தாய்க்குத் தீன் கெட்டால் வயிற்றுக் குட்டியும் அல்லவா வாடும்?

"பனியோட புரட்டோணும்," என்றாள். "வெயில் ஏறினாத் தொடப்படாது. இல கொட்டிரும்."

"கொஞ்சம் பொறுங்க ராத்தா." முனாஸ் ஃபோனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். "இனி முதல்ல இருந்து சொல்லுங்க. பண்ணையில வேலை செய்றவங்களுக்குக் காட்டோணும்."

பல்கீஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் இருந்து சொல்லத் தொடங்கினாள்.