மதகுக்கு வெளியே ஒரு படகு

"புயலுக்கு ஊரை விட்டுக் கிளம்பாதவங்க கையில மார்க்கரால பேர எழுதிக்கணும்னு டீவியில சொன்னியே, நான் என்னன்னு எழுதட்டும், கவர்னரம்மா?"

"உன் பேரத்தான். பிணம் கிடைச்சா யாருன்னு தெரிய வேண்டாமா?"

"'கவர்னர் புருஷன்'னு போட்டா?"

"அப்ப உன்னைக் கடைசியாத்தான் தேடுவாங்க. முதல்ல தேடினா சொந்தக்காரனுக்குச் சலுகைன்னு பேப்பர்ல கிழிச்சிருவான்."

யூலிஸ் ஃபோனே அதிரும்படி சிரித்தான். அந்தச் சிரிப்புதான் மறுநாள் முழுவதும் கொலெட்டின் காதில் இருந்தது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் தேர்தலில் ஜெயித்து ஆளுநராகி அவள் தலைநகருக்குப் போன பிறகும் அவன் கடலோரத்தை விட்டு நகரவில்லை. வார இறுதியில் ஐஸ் பெட்டி நிறைய இறாலோடு வருவான், திங்களன்று திரும்பிவிடுவான். புயல் வந்தால் படகை, கடல்நீரைத் தடுக்கக் கால்வாயின் குறுக்கே கட்டிய மதகுக்கு உள்ளே கொண்டுவந்து மரத்தில் கட்டி, படகிலேயே படுத்துக்கொள்வது அவனுடைய அப்பா காலத்து வழக்கம். அடுத்த பெரிய புயலுக்கு, மதகுக்கு வெளியே இருக்கும் அந்த ஊர் தாங்காது என்று பொறியாளர்கள் அவளிடம் சொல்லிவிட்டார்கள். 'வந்துவிடு' என்ற ஒரு சொல் பல வருடங்களாக அவள் தொண்டையிலேயே கிடந்தது. கேட்டு அவன் மாட்டேன் என்றுவிட்டால், இருக்கிற வார இறுதிகளும் கசந்துபோகுமே என்ற பயம். ஊரைக் காலி செய்யுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் சொல்லவும் அதே பயம்தான் தடுத்தது.

மறுநாள் பிற்பகலில், பேரிடர் கட்டுப்பாட்டு அறையில், மதகுகளுக்குப் பொறுப்பான தேரியோ அவளருகே வந்தார்.

"மேடம், தண்ணி ஏறுது. இப்ப மூடலன்னா அப்புறம் கதவு அசையாது. உள்ள இருக்கிற ஊர் அத்தனையும் போயிரும்."

"படகெல்லாம் உள்ள வந்தாச்சா?"

"ஒண்ணு மட்டும்... உள்ள வந்த படகுதான். வெளிய ஒரு வயசான ஜோடிக்கு இன்ஜின் நின்னுபோச்சுன்னு இழுத்து வர திரும்பப் போயிருக்கு."

"யார் படகு?"

தேரியோ தரையைப் பார்த்தார். திரையில், மழைக்கு நடுவே, ஒரு படகின் பச்சைக் கேபின் எழும்பித் தாழ்ந்தது. கல்யாணமான புதிதில் அவளே தூரிகை பிடித்து அடித்த பச்சை.

"மூடுங்க."

அந்தக் குரல் யாருடையது என்று அவளே திடுக்கிட்டாள். கதவுகள் நெருங்கின. பிறகு திரை கறுத்துவிட்டது.

புயல் ஓய்ந்து ஹெலிகாப்டரில் போனபோது, கீழே தெரிந்தது எந்த ஊர் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மதகுக்கு உள்ளே இருந்த ஊர்கள் தப்பித்திருந்தன. மதகுக்கு வெளியே இருந்த அவள் ஊர் மட்டும் இல்லை. மரக்கிளையில் ஒரு குளிர்பதனப் பெட்டி தொங்கியது. கல்லறைகளிலிருந்து வெள்ளத்தில் மிதந்து வந்த சவப்பெட்டிகள் சாலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அவள் வீடு இருந்த இடத்தில் அதை உயரத்தில் தாங்கியிருந்த தூண்கள் மட்டும் நின்றன. அழக்கூட வரவில்லை. இறங்கி நடந்தாள்.

கரைமேட்டில் பச்சைக் கேபின் ஒருக்களித்துக் கிடந்தது. அதன் பக்கத்தில், கரன்ட் போய் ஐஸ் உருகிய இறாலையெல்லாம் ஒரே அண்டாவில் கொட்டி, மதகுக்கு உள்ளே படகுகளில் தப்பிய ஊரார் வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவன் நெற்றியில் கட்டோடு நிமிர்ந்தான்.

யூலிஸ்.

"வந்துட்டா பாரு, புருஷனை வெளிய வச்சுக் கதவைச் சாத்தினவ!" என்றார் அவன் இழுத்து வந்த கிழவர் ஓவிட்.

யூலிஸ் கரண்டியை வைத்தான். "நான்தான்னு தெரிஞ்சா மூடச் சொன்ன?"

"கேபின் தெரிஞ்சுது."

அவன் படகைத் திரும்பிப் பார்த்தான். "கதவு சாத்தறதைப் பாத்ததும் படகைக் கரைமேல ஏத்திட்டேன். வேற வழியில்ல. நானா இருந்தாலும் மூடத்தான் சொல்லியிருப்பேன், கொலெட். என்ன, உன்னைவிடக் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

அவள் அவன் சட்டையைப் பற்றிக்கொண்டாள். விடவில்லை.

"சரி, சரி, விடு. தூணெல்லாம் கெட்டியா நிக்குது பாத்தியா? அதுமேலயே கட்டிரலாம். மரமும் தகரமும் எப்ப அனுப்பறன்னு எல்லாரும் உன் வாயத்தான் பாக்கறாங்க."

உண்மைதான். அண்டாவைச் சுற்றி இருந்த அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"கட்ட வேண்டாம், யூலிஸ்," என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "யாரும் இங்க கட்டாதீங்க. உள்ள நிலம் தரேன், வீடு தரேன்..." மறுபடி அவனிடம் திரும்பினாள். "இந்த ஊரை விட்டுட்டு என்கூட வந்துடு."